முந்நூறு மீற்றர்

உயர்நீர்க்குறியிலிருந்து முந்நூறு மீற்றர்.
உள்ளே விழுந்தால் கரையோரம்.
வெளியே என்றால் வெறும் காணி.
கச்சேரியில் இவ்வளவுதான் சொன்னார்கள்.

அனுமதிக் கடிதத்தைக் காவலரணில் காட்டி
மயிலிட்டிக்குள் நாடாவோடு போனேன்.
கடல் முருகைக்கல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.
சாதாழை மூட்டையாய் ஒதுங்கி நாறியது.
அளக்க அளக்க எல்லாம் சரியாய் வந்தது:
மணல், அடம்பன்கொடி,
கூரையில்லாத சுவர், சுவருக்குள் கிணறு,
கிணற்றுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் ஆலமரம்.
கரையோரக் குடும்பங்களின் தொகை?
சைபர் போட்டேன்.
முட்கம்பி எத்தனையாம் மீற்றரில் தொடங்குகிறதென எழுத
அவர்கள் பெட்டி விடவில்லை.

மறுநாள் கோணாப்புலம் முகாம்.
கடலுக்கு நாலு கட்டை.
செம்மண், மரவள்ளி, யாருடையதோ புகையிலைத் தோட்டம்.
தகரத்தின் கீழ் றெஜினா
சூடைவலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.
புருஷன் விடியப்புறம் இரண்டு மணிக்குச் சைக்கிள் எடுத்து
சேந்தாங்குளத்தில் பிறத்தியாரின் படகேறுகிறான்.
முகாமில் பிறந்த மகள்
கொப்பியட்டையில் விலாசம் எழுதியிருக்கிறாள்: மயிலிட்டி வடக்கு.
ஒழுங்கைகளை வரிசையாய்ச் சொல்கிறாள்,
ஒன்றிலும் நடந்ததில்லை.
மயிலிட்டியின் கிராம சேவகரும்
மல்லாகத்தில்தான் வாடகைக்கு இருக்கிறார்.

மத்தியானம் போல் காற்று சோளகத்துக்குத் திரும்பியது.
எனக்குத் தெரியவில்லை.
குடிசை குடிசையாய்த் தலைகள் நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன்.

“கடல்பக்கம் எவ்வளவு மட்டும் கரையோரம், மிஸ்?”
“இரண்டு கிலோமீற்றர்.”
சிரித்தாள். பல்லில் நூல் இருந்தது.
“அது முத்தம். வீடு இன்னும் அங்கால.”

குடிக்கத் தண்ணீர் தந்தாள்.
உவர்.
பள்ளியில் படித்தது ஞாபகம் வந்தது:
இந்தச் சுண்ணாம்புக்கல்லின் அடியில்
நன்னீர் உப்புநீரின் மேல்தான் மிதக்கிறது,
அதிகம் இறைத்தால் கீழேயிருப்பது ஏறும்.
நாலு கட்டை என்பது மேலே நடக்கிறவனின் கணக்கு.
ஆனால் நான் சொல்லவந்தது தண்ணீரைப் பற்றியல்ல.
கிணறு உவர்த்தாலும் உவர்க்காவிட்டாலும்
அவள் மடியில் கிடப்பது சூடைவலை.

கேள்வி நான்கு:
இவர் கரையோரவாசி / கரையோரவாசி அல்ல.
பொருந்தாததை வெட்டிவிடுக.

முந்நூறை வெட்டினேன்.

மூன்றாம் நாள் படிவம் மேசைக்குத் திரும்பி வந்தது.
சிவப்பு மையில் மறுபடி முந்நூறு.
மேலதிகாரியின் ஒப்பம்.
ஒப்பத்துக்குப் பக்கத்தில், காய்ந்து ஒட்டியபடி,
ஒரு சூடைச் செதிள்.