இருமல்

செப்டம்பரில் கடல் தாண்டி வந்துவிடுகிறது புகை.
செம்பனைத் தலைகள் தெரிவதில்லை.
பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாயிற்று.
சுங்காய் மொத்தமும் இருமுகிறது:
கோயில் வாசலில் பூக்கட்டும் பெண்,
எண்ணெய்க் கடைப் பையன்,
டயர்க்கடைத் தவ்கே,
பஸ்ஸுக்கு நிற்கும் மூன்று நேப்பாளிகள்.
ஒவ்வொன்றுக்கும் நான் நின்று திரும்புகிறேன்.
வேறு யாரும் திரும்புவதில்லை.
ஊருக்கு இருமல் என்றால் இருமல்தானே.

நாலாம் டிவிசனில் ஜாகாவாக இருந்தேன்.
துப்பாக்கி தோட்டத்துடையது, லைசென்ஸ் உண்டு.
இளங்கன்றின் குருத்தைப் பன்றி தோண்டித் தின்றால்
காலைப் பிரட்டில் என்னைத்தான் கேட்பார்கள்.
ஒரு பன்றிக்கு நாற்பது வெள்ளி.
வாலைக் கொண்டுபோய்க் கிராணியிடம் காட்ட வேண்டும்.

அன்றிரவு மழை விட்டிருந்தது.
நெற்றி விளக்கை எட்டாம் நிரைக்குத் திருப்பினேன்.
இரண்டு கண்கள்,
பச்சையாய், தாழ்வாய், அசையாமல்.
பன்றிக்கண் அப்படி மின்னாது.
அதுவும் எனக்குத் தெரிந்ததுதான்.

நாகையாவின் கண்கள் இல்லை அவை.
மனிதக்கண் வாங்கிய வெளிச்சத்தைத்
திருப்பித் தருவதில்லை.
கட்டறுத்து ஓடிய செவலையைப் பிடித்து
அதன் கழுத்தோரம் குனிந்து
முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.
கைவிளக்கில் பேட்டரி தீர்ந்திருந்ததாம்.
மாட்டுக்குக் காதில் ஒரு ஓட்டை.
மீதி எல்லாம் அவருக்கு.

தாப்பா கோர்ட்டில் கேட்டார்கள்,
சுடுவதற்கு முன் ஏதாவது சத்தம் கேட்டதா என்று.
மொழிபெயர்ப்பவர் தமிழில் சொல்லி முடிப்பதற்குள்
மலாயிலேயே சொல்லிவிட்டேன்:
"தாடா."
தமிழில் என்றால் நாக்கு ஒட்டியிருக்கும்.

கவனக்குறைவு என்று எழுதினார்கள். பதினெட்டு மாதம்.
சிறையில் நன்றாகத் தூங்கினேன், மறைப்பானேன்.
அங்கே அவரைத் தெரிந்தவர் யாருமில்லை.

வெளியே வந்தபின்தான்
காதுக்கும் விரலுக்கும் நடுவே
நடக்கத் தொடங்கினேன்.
ஓர் இருமல் காதில் விழுந்தது.
விரல் அப்புறம்தான் மடங்கியது.
நடுவில் என்ன இருந்தது?
நாற்பது வெள்ளியா, தூக்கக் கலக்கமா,
மடங்கப் போன விரலுக்கு
நிமிரத் தெரியாமல் போனதா.
தினமும் போய்த் தேடிவிட்டு
வெறுங்கையோடு வருகிறேன்.

கடையில் தே ஓ மட்டும் குடிக்கிறேன்.
பால் யார் வீட்டிலிருந்து வருகிறதென்று
தண்ணி கலக்குபவனுக்கும் தெரியும்.
ஏன் என்று கேட்டதில்லை.

நேற்று அரசாங்கக் கிளினிக்கில்
ஐம்பத்தேழாம் நம்பர் என் கையில்.
என் பக்கத்து நாற்காலி ஒன்றுதான் காலி.
தவமணி வந்து உட்கார்ந்தார்.
முகக்கவசத்துக்கு மேலே கண்கள்
எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த
டெங்கிக் கொசுவையே பார்த்தன.
வெகுநேரம் கழித்து அந்தக் கொசுவிடம் சொல்வதுபோல்:
"அன்னைக்கு அவருக்குச் சளி.
மாடு தானா வரும், போவாதீங்கன்னேன்.
இருமுனாரா?"

நாலு வருடமாக வாயில் அடக்கியிருந்த தாடாவை
நாக்கால் துழாவினேன். அகப்படவில்லை.
"இருமுனாரு."

"எத்தன தடவ?"

உங்களிடமும் இதுவரை
ஒன்று என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன்.

"ரெண்டு."

தலையசைத்தார்,
மிச்சக் காசு சரியாக இருந்ததுபோல்.
"ஆமா. அவருக்கு எப்பவும் ரெண்டுதான் வரும்."

ஐம்பத்தேழைக் கூப்பிட்டார்கள். எழவில்லை.
கொஞ்சம் பொறுத்து ஐம்பத்தெட்டு.
அது அவருடையது. முழங்காலைப் பிடித்து எழுந்து போனார்.
காலிப் பால் போத்தல்கள் இருந்த பை
நாற்காலியிலேயே இருந்தது.

அவர் வரும்வரை
அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.