சதுர அடிக் கணக்கு

கண்ணீர் அஞ்சலிக்கு ஒரே டெம்ப்ளேட்தான் என்னிடம்.
மேகம், இரண்டு புறா, ஒரு குத்துவிளக்கு,
தோற்றம் மறைவு என்று இரண்டு கட்டம்.
முகத்தை மாற்றினால் போதும்.
கொருக்குப்பேட்டையில் யார் செத்தாலும்
அரை மணி நேரத்தில் சொர்க்கம் ரெடி.

ரேகாஸ்ரீ செத்தபோது
அண்ணன்கள் இரண்டு பேர் வந்தார்கள்.
கொண்டுவந்த போட்டோவில் பொட்டு இருந்தது,
கம்மல், மூக்குத்தி, கொஞ்சம் சிரிப்பு.
"பேரு டில்லிபாபு. மத்ததெல்லாம் எடுத்துடு."
எடுத்தேன்.
நெற்றியோரத்துத் தோலைக் கிள்ளி
பொட்டின் மேல் பூசுவது எனக்குக் கைவந்த வேலை.
மீசை, போன வாரம் செத்த ஒருத்தரிடம் கடன்.
நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்தார்கள்.
வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை ரயில்வே கேட் பக்கம் போனால்
கம்பத்தில் கட்டிய பேனரில்,
பத்தடி உயரத்தில்,
நான் துடைத்த அதே இடத்தில்
சிவப்பாய் ஒரு ஸ்டிக்கர் பொட்டு.
எந்தத் தோழி, யார் வீட்டு ஏணி, எத்தனை மணிக்கு?
அண்ணன்கள் என்னிடம்தான் சண்டைக்கு வந்தார்கள்.
"மெஷின் பொட்டு வைக்காதுண்ணே" என்றேன்.

அது ஏழு வருஷம் முன்னால்.

இந்த ஆடியில் கன்னியம்மா வந்தார், தனியாக.
மகன் ஜெயவேலு ஹார்பரில் டிரெய்லர் ஓட்டியவன்.
மஞ்சள் காமாலை. ஸ்டான்லியில் பதினோரு நாள்.
போட்டோவில் அவன் தோளில் ஒரு கை இருந்தது,
கை மட்டும், வெள்ளி மோதிரத்தோடு.
பழக்கதோஷம், மவுஸ் நேராக அங்கே போய்விட்டது.
"கைய எடுத்துடவாம்மா?"
"இருக்கட்டும். பதினோரு நாளும் மூத்திரம் அள்ளுன கை."

நோட்டுத்தாளில் எழுதிவந்த பட்டியலில்
முதல் பெயர் அருள்தாஸ்.
அந்த இடம் எனக்குத் தெரியும்.
அங்கே மனைவி வரும்.
பிறகுதான் அம்மா, தங்கச்சி, மச்சான், மாமன்கள்.
"நண்பர்னு அடிக்கட்டுமா?"
கன்னியம்மா ஸ்கிரீனையே பார்த்தார்.
"இன்னா வார்த்தைன்னு எனுக்குத் தெர்ல நைனா.
வார்த்தை வேணாம்.
எடத்த மட்டும் மாத்தாத."
பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே,
"ஒரு பேரு கூட ஆனா காசு ஏறுமா?"
"ஏறாதும்மா. சதுர அடிக்குத்தான் காசு."

அவர் மெயின் ரோட்டைத் தாண்டியிருக்க மாட்டார்,
தாய்மாமன் தேசப்பன் போனில்.
"அந்தப் பையன் பேர கீழ எறக்கு.
ஃபிரெண்ட்ஸ் லைன்ல போடு.
நாலு சொந்தக்காரன் வருவான், புரிஞ்சிக்கோ."
குரல் மிரட்டவில்லை. அழுதிருந்தது.
"பிரிண்ட் ஆயிடுச்சுண்ணே" என்றேன்.
மெஷின் இன்னும் சூடாகவே இல்லை.
போனை வைத்துவிட்டு ஓடிப்போய் பட்டனைத் தட்டினேன்,
பொய் நிஜமாவதற்குள் ஆள் நேரில் வந்துவிடுவாரோ என்று.
புறாக்கள் முதலில் வந்தன.

கேட் போட்டுவிட்டால் இங்கே யாருக்கும் வேறு வேலை கிடையாது.
கூட்ஸ் வண்டி கன்டெய்னர் கன்டெய்னராய் நகரும்.
ஆட்டோ, தண்ணி லாரி, ஸ்கூல் வேன்,
எல்லாரும் பேனர் படிப்பார்கள்,
செத்தவன் வயசிலிருந்து கடைசி மச்சான் வரைக்கும்.
அன்றும் படித்தார்கள்.
ஒருத்தன் சிரித்தான்.
ஒரு பெண் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு
மறுபடி முதல் பெயரிலிருந்து ஆரம்பித்தாள்.
பைக்கில் தேசப்பன், பின்னால் யாரோ உறவு.
"யாருண்ணே இது அருள்தாசு, மொத பேரா கீது?"
தேசப்பன் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"போட்டுக்கீதுல்ல. படி."

ராத்திரி கடை சாத்துமுன்
பழைய ஃபோல்டரில் டில்லிபாபு என்று தேடினேன்.
கிடைத்தது, மீசையோடு.
அவர்கள் கொடுத்த போட்டோவை நான் சேமித்து வைக்கவில்லை.
நெற்றியைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
பொட்டு இருந்த இடம்
சுற்றியுள்ள தோலைவிட ஒரு சாயல் வெளுப்பு.
கைவந்த வேலை என்று நினைத்திருந்தேன்.