உப்புவெளி, இரண்டு நிமிடம்

விடுதிக்காரர் கேட்டது வெறுங்கரை.
"ஆக்கள் இல்லாமல் எடுத்துத் தாங்கோ,
வெள்ளைக்காரருக்கு அமைதி வேணும்."
காலை ஆறுக்கு உப்புவெளியில்
வெறுங்கரை என்று ஒன்று கிடையாது.
கரைவலையின் இரண்டு கயிற்றிலும்
முப்பது பேர் சாய்ந்து நிற்கிறார்கள்.

பையைத் திறக்கிறேன்.
யூவி: வெளிச்சத்தில் எதையும் மாற்றாத சோம்பேறி.
போன வைகாசியில் கோணேசர் மலைப் படியில்
கமரா விழுந்தபோது
இதற்கு முந்தியது தான் உடைந்து லென்ஸைக் காத்தது.
அந்தச் சில்லுகளைப் பழைய பிலிம் டப்பாவில்
வைத்திருக்கிறேன், ஏனென்று தெரியாது.

போலரைசர்:
சூரியனுக்குத் தோளைக் காட்டி நின்று
வளையத்தை மெல்லத் திருப்பினால்
நீரின் மேற்பூச்சு கழன்று போகும்.
நேற்று உள்துறைமுகத்தில் திருப்பினேன்.
மினுக்கத்துக்குக் கீழே ஒரு சைக்கிள்,
ஹேண்டிலில் இன்னும் கூடை.
மறுபடி திருப்பினேன்.
வானம் வந்து மூடிக்கொண்டது.

இன்றைக்கு இந்தக் கறுப்பு. பத்து ஸ்டொப்.
மலிவாய் வாங்கிய முதலாவதில்
மாபிள் பீச் முழுக்கக் கத்தரிக்காய் நிறம்.
இதற்கு ஒரு மாதச் சம்பளம் போனது.
எட்டில் ஒரு வினாடியை
இரண்டு நிமிடமாய் இழுக்கும்.
மாட்டினால் உள்ளே இருட்டு, ஆகவே
குவியத்தை முதலே பார்த்துவிட வேண்டும்,
பிறகு கை படக்கூடாது.
முக்காலியை மணலில் அழுத்துகிறேன்.
அழுத்தியாயிற்று.

மடி இன்னும் தூரத்தில்.
றொக்சன் யாரையோ ஏசுகிறான்.
பீடி மணம். குறுக்கே ஒரு நாய்.
நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பத்தொன்பது.

திரையில் கடல் பாலாய்க் கிடந்தது.
முப்பது பேரும் இல்லை.
தன் கோட்டிலேயே நகர்ந்ததால்
கயிறு மட்டும் தப்பியிருந்தது,
ஒருவரும் பிடிக்காமல்
விறைத்து, கடலுக்குள் இறங்கி.
ஒரு மூலையில் திரேசம்மா,
கவிழ்த்த வாளியில் குந்தி
மீனுக்குக் காத்திருந்தவர்,
அசையாததால் அப்படியே இருந்தார்.
சேலைத் தலைப்பின் நுனி மட்டும் புகை.

இளைப்பாற வந்த றொக்சன் எட்டிப் பார்த்தான்.
"நாங்க எங்க?"
"நீங்க அசைஞ்சிட்டீங்க."
"அசையாம வலை வருமா?"

பில்டரைக் கழற்றப் பார்த்தேன்.
உப்பில் இறுகி அசையவில்லை.
அழுத்த அழுத்த இன்னும் இறுகும்,
அதன் குணம் அது.
திரேசம்மா காசுப்பையில் சுற்றியிருந்த
ரப்பர் வளையத்தைக் கழற்றித் தந்தார்.
விளிம்பில் போட்டுத் திருப்ப, வந்தது.

அதற்குள் மடி கரையேறி
சாளை துள்ளத் தொடங்கிவிட்டது.
வேகத்தை மாற்ற மறந்து அழுத்தினேன்.
மீனெல்லாம் வெள்ளிக் கீறல்.
திரேசம்மா எழுந்து விலை பேசப் போனார்.
அந்தப் படத்தில்
அவரும் கலங்கல்.