பொதுக் காற்று

தோராவும் லயனலும் பிரிந்தபோது
வீட்டை விற்றார்கள். நாய் அவளோடு போனது.
அறுபத்தேழாம் வருஷத்து எம்ஜிபி மட்டும்
ஆளுக்குப் பாதி என்று தீர்ப்பானது.
ஒற்றைப்படை ஞாயிறு அவளுக்கு, இரட்டைப்படை அவனுக்கு.
ஐந்தாம் ஞாயிறு வரும் மாதங்களில்
வக்கீல் கடிதம் வரும்.

கிரிம்ஸ்பியில் மழை. என் பட்டறை வாசலில்
இரண்டு குடைகள், நடுவில் ஓர் ஆள் நிற்கலாம்.
வண்டி செருமுகிறது, சிக்னலில் நிற்கச் சொன்னால்
செத்துப்போகிறது.

பானெட்டைத் தூக்கினேன்.
எஸ்.யூ. இரண்டு, பித்தளைத் தொப்பியோடு,
வரிசையில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி.
முன்னதில் தண்டு தேய்ந்து லொடலொடவென்று ஆடுகிறது,
அந்தச் சந்தில் திருட்டுக் காற்று.
பின்னதற்குப் பெரிய குறையில்லை.

"முன்னது அவருடையது" என்றாள் தோரா.

சாக்பீஸால் சுவரில் கணக்குப் போட்டேன்:
இரண்டையும் பிரித்து, புஷ் அடித்து, ஊசியும் ஜெட்டும் மாற்ற
முந்நூற்று நாற்பது பவுண்டு.
புது ஜோடி எண்ணூற்றுப் பத்து.
ஸ்ட்ராம்பெர்க் பழசு பரணில் கிடக்கிறது, நூற்றைம்பது;
உள்ளே ரப்பர் சவ்வு,
என்றைக்குக் கிழியும் என்று அதற்கே தெரியாது.
"எங்களுக்குப் பழக்கம்தான்" என்றான் லயனல்.
அவள் சிரிக்கவில்லை. கன்னம் மட்டும் லேசாக.

வெபர் ஒன்று போடலாம், பெரிய தொண்டை,
மேனிஃபோல்டோடு எழுநூறு, ட்யூனிங் தனி.
உறுமும். குடிக்கும்.
"ஒன்றுதான் என்றால் சண்டையில்லை."
"ஒன்றை எப்படிப் பாதியாக்குவீர்கள்?"

முன்னதை மட்டும் பாருங்கள், நூற்றெழுபது என்றான்.
அப்படிச் செய்ய மாட்டேன் என்றேன்.
ஒன்று இழுக்க ஒன்று திணற
நடுவில் வெந்துபோவது வால்வு.

அடுத்த சனிக்கிழமை வந்தார்கள். மழை இல்லை, குடை இருந்தது.
ரப்பர் குழாயின் ஒரு முனையை தோராவின் காதில் வைத்தேன்,
மறுமுனை கார்புரேட்டரின் வாயில்.
லயனலிடம் ஸ்க்ரூ டிரைவர்.
முன்னது: உஸ்ஸ்.
பின்னது: உஸ்.
"உன்னுடையது ஜாஸ்தி."
கால் சுற்று.
"இன்னும்."
அரைக்கால்.
"ஐயோ, போதும், திருப்பு, திருப்பு."
கண்ணை மூடிக்கொண்டாள்.
எது யாருடையது என்று
காதுக்குத் தெரியாத ஒரு நொடி வந்தது.

பில் முந்நூற்று நாற்பத்தொன்று.
அந்த ஒற்றைப் பவுண்டு, டேம்பர் எண்ணெய்க்கு.
அதை யார் தருவது என்று
இருபது நிமிஷம் வாதாடினார்கள்;
எஞ்சின் ஒரு தும்மல் தும்மாமல் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை. யாருடைய நாளும் அல்ல.
சாவியைக் கையில் வைத்துக்கொண்டு
நான் நின்றேன்.