நாலு மணி ஆராதனை

அயனாவரத்திலிருந்து ஒரே ஸ்கூட்டரில்தான் வந்தோம்.
அவர் முதுகுக்கும் எனக்கும் நடுவில்
பைபிள் பையை நிறுத்தி வைத்திருந்தேன்.

சமாதானத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்றார் ஆயர்.
அவர் பின்வரிசைக்குத் திரும்பி
மூன்று பேருக்குக் கைகொடுத்தார்.
நான் முன்வரிசைக்கு.
பதினோராவது நாள் அது,
காது நன்றாகக் கேட்கும் இரண்டு பேர்
ஒரு வீட்டில் பேசாமலிருந்து.

மாலையில், விட்டுவந்த குடைக்காகத் திரும்பிப் போனேன்.
பக்கத்து ஹாலில் வேறொரு சபை.
நாற்காலிகள் தரையைக் கிழித்தன,
ஃபேன் ஒன்று தலைக்குமேல் கடகடத்தது.
யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
நாற்பது பேர். அத்தனை கைகளும் பேச்சில்.

அவர்கள் ஜெபத்தில் கண்ணை மூடுவதில்லை.
மூடினால் அறுந்துவிடும்.
முன்னால் நிற்கும் டேவிட்சனின் விரல்களை
பொங்கப்போகும் பாலைப் பார்ப்பதுபோல்
பார்த்துக்கொண்டேயிருக்கிறார்கள்.

கெசியா என்னிடம் பெயர் கேட்டாள்.
மூலக்கடை கூரியர் கிடங்கில் பொட்டலம் கட்டுகிறவள்.
செல்போனில் தட்டிக் காட்டினேன்:
ஹெப்சிபா எலிசபெத்.
உதட்டைப் பிதுக்கினாள், இத்தனை நீளமா.
கூச்சமில்லாமல் மேலும் கீழும் பார்த்தாள்.
பிறகு என் இடது கையைப் பிடித்து
சுடிதார் மறைத்தும் மறைக்காமலும் விட்ட இடத்தில்,
இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பின்மேல்
இரண்டு விரலால் ஓர் இழுப்பு.
அதையே தன் கையில் இழுத்து
எல்லோருக்கும் காட்டினாள்.
நான் அதுதான் இனிமேல்.

கோபம் வந்தது எனக்கு.
அது ஒரு சனிக்கிழமை இரவின் காயம்.
அவர் சட்டையைத் தேய்த்துக்கொண்டே
பதில் சொல்லத் திரும்பினேன், பெட்டியை மறந்தேன்.
அவர் அடித்ததில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.
பர்னாலைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்,
மூடியைக்கூடத் திறந்து.
ஒரு வார்த்தை வைக்கவில்லை.

அப்புறம் பாட்டுக்கு எழுந்தார்கள்.
ஆண்டவர் பெயர் வந்த இடத்தில்
எல்லோருடைய நடுவிரலும்
ஓர் உள்ளங்கையைத் தொட்டது,
பிறகு மறு உள்ளங்கையை.
ஆணி இறங்கிய இடங்கள்.
அவரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

சுடிதார்க் கையை முழங்கைவரை ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

ஐந்தாவது வாரமோ ஆறாவதோ,
திருவிருந்தின் நடுவில் கரண்ட் போனது.
பேச்சு மொத்தமும் அணைந்தது.
அப்பம் வாங்க நீட்டிய கைகள்
இருட்டில் அப்படியே நின்றன.
பிறகு ஒவ்வொன்றாக செல்போன் டார்ச்சுகள்,
முகத்தில் அல்ல,
பக்கத்தில் இருக்கிறவரின் கைகளின்மேல்.
யாரோ என் கைகளுக்கும் வெளிச்சம் பிடித்தார்கள்.
சொல்ல எனக்கு ஒரு சொல்லும் தெரியவில்லை.
தெரியாவிட்டாலும்
பிடித்துக்கொண்டே இருந்தார்கள்.

அன்று பெரம்பூர் ஸ்டேஷனில் அவள் எதிர் பிளாட்பாரம்.
நடுவில் ஒரு ரயில் தடதடத்தது.
என் பக்கத்து ஆள் போனில் கத்தினார்,
"கேக்கல, கேக்கல, சத்தமா சொல்லு."
ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் இடையில்
துண்டு துண்டாக வந்த கெசியாவைச் சேர்த்துப் படித்தேன்:
வீட்டுக்குப் போ.
சாப்பிடு.
அவரிடமும் கேள்.

டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.
டிவியில் கிரிக்கெட்.
எதிரில் போய் நின்றேன், பார்க்கும்வரை.
ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய்
புருவத்தை உயர்த்தினேன்.

முகத்தைப் பார்க்கவில்லை அவர்.
கையைத்தான் பார்த்தார். அதிலேயே நின்றார்.
வெகுநேரம் கழித்து,
"ஆறிடுச்சா?" என்றார்.

எது என்று நான் கேட்கவில்லை.