மூன்றும் அணையும்வரை

காற்று நேற்றே கம்பத்தை முறித்துப் போட்டது.
ஃபாரோவின் இந்தச் சின்னத் தீவில்
தென்பாதியை மட்டும் தாங்குகிறது
ஹானுஸின் டீசல்.
வடபாதி மெழுகுவத்தியில்.
அருவிக்கடியில் நான், ஒரு எந்திரம்,
கதவிடுக்கில் ஒதுங்கிய இரண்டு ஈரச் செம்மறிகள்.

உள்ளே பெரிய ரகசியமில்லை.
தகடு தகடாய் வார்னிஷ் பூசி அடுக்கிய எஃகு வளையம்;
ஒரே கட்டியாய் வார்த்திருந்தால்
தனக்குள்ளேயே சுழித்துச் சூடேறிக் கெட்டிருக்கும்.
அதன் பள்ளங்களில் செம்புச் சுருள்கள்,
அவை அசைவதே இல்லை.
அசைவது நடுவில் உள்ளது:
வடக்கு தெற்கு வடக்கு தெற்கு என
பன்னிரண்டு முகம் காட்டும் காந்தச் சக்கரம்.
அதற்கு உயிரூட்டுவது
வழுக்கு வளையத்தை உரசும் கரித்துண்டு.
தேய்ந்திருந்தது, மாற்றினேன்.
நகக்கண்ணில் இன்னும் கரி.

வால்வைத் திறக்கிறேன்.
மலைமேல் பெய்தது குழாயில் இறங்கி அறைகிறது.
முந்நூறு சுற்று. நானூறு.
ஐந்நூறில் நிற்கிறது முள்.
ஒரு துருவம் கடக்கச் செம்பு இப்பக்கம் சாய்கிறது,
மறுதுருவம் கடக்க அப்பக்கம்,
நொடிக்கு ஐம்பது முறை போய்
ஐம்பது முறை திரும்பி.

போனில் ஹானுஸ்:
"சுவிட்சைப் போடேன், ரன்வா."
போட முடியாது.
அவன் சாய்கையில் நானும் சாய வேண்டும்,
ஒரு நூல் பிசகினாலும் அச்சு முறுகிவிடும்.
திரை உப்புக்காற்றில் கண்மூடிவிட்டது.
மிச்சம், சுவரில் மூன்று குண்டு பல்புகள்,
அவனுக்கும் எனக்கும் நடுவே:
வித்தியாசம் உள்ளவரை எரியும்,
தீர்ந்தால் அணையும்.

மூன்றும் சேர்ந்து மங்க வேண்டும்.
மங்கவில்லை.
ஒன்றையொன்று துரத்தி
வாலைப் பிடிக்கும் நாயாய் வட்டமடிக்கின்றன.

மதியம் கேபிளைப் பூட்டியது யார்?
நான்தான்.
மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறிக் கிடக்கிறது.
அவன் ஒன்று இரண்டு மூன்று என்கிறான்,
நான் ஒன்று மூன்று இரண்டு என்கிறேன்,
இருவரும் சரியான வேகத்தில்.

நிறுத்தினேன். பூட்டினேன்.
எர்த் போட்டு, போல்ட்டைக் கழற்றி, மாற்றி முடிக்க
நாற்பது நிமிடம்.
ஹானுஸிடம் காரணம் சொல்லவில்லை.

மறுபடி ஐந்நூறு.
இப்போது மூன்றும் ஒன்றாய் எரிந்து ஒன்றாய் மங்கி
மெல்ல, மூச்சு விடுவதுபோல் மெல்ல...
தண்ணீரை ஒரு மயிரளவு குறைத்தேன்.
இருட்டின் நட்டநடுவில்
கைப்பிடியை இழுத்தேன்.

தரை ஒருமுறை முனகியது, அவ்வளவுதான்.
இனி எவ்வளவு தண்ணீர் விட்டாலும்
சேர்ந்து தள்ளலாம், முந்திப் போக முடியாது.

ஹானுஸ் வடக்கையும் இணைத்துவிட்டானாம்,
கெட்டில் வைத்திருக்கிறானாம்.
இங்கிருந்து எதுவும் அங்கே போகவில்லை;
செம்பு இருந்த இடத்திலேயே நடுங்குகிறது,
அங்கே தண்ணீர் கொதிக்கிறது.

ஜன்னலுக்கு வெளியே
பள்ளத்தாக்கில் ஒவ்வொரு வீடாய்.
எரியாதவை இந்த மூன்று பல்புகள் மட்டும்.
துடைத்து வைத்தேன்.