கிறுகிக் கிடந்த படம்

மருந்துக்கடைக்காரனுக்கு ஒரு வசதி,
மாத்திரைப் போத்தலுக்குள் வரும்
ஈரமுறிஞ்சிப் பொட்டலங்கள்.
'உண்ணக் கூடாது' என்று எழுதிய அந்தச் சின்னப் பைகளைப்
பன்னிரண்டு வருசமாய்ச் சேர்த்து
என் யுத்தங்களுக்கு இடையில் செருகி வருகிறேன்.

களுவாஞ்சிகுடியில் ஒரு பக்கம் கடல்
மறுபக்கம் வாவி.
கடதாசி பிழைக்கிற ஊரில்லை.
இருந்தும் என்னிடம் நாற்பத்தொரு முதற்பதிப்புகள்,
எல்லாம் போர்ப்படங்கள்,
சிலது ஒரு குளிர்சாதனப் பெட்டியின் விலை.
வீட்டில் குளிர்சாதனப் பெட்டி பழுது.
அதைப் பற்றிப் பேசுவதில்லை.

விற்பவர்கள் எழுதும் பாஷை எனக்குப் பிடிக்கும்:
முதுகில் லேசான சிராய்ப்பு.
மூலைகள் நசுங்கவில்லை.
உள்ளே எழுத்தோ கறையோ கிடையாது.
வயதுக்கு நல்ல நிலை.
வாசித்துவிட்டு நிமிர்ந்து
இன்சுலினுக்கு வரிசையில் நிற்பவர்களைப் பார்ப்பேன்.

கடைசியாய் வந்தது ரொட்டர்டாமிலிருந்து.
சுங்கத்தாளில்: பாவித்த புத்தகம், ஒன்று.
ஆயிரத்து இருநூறு பிரதி அடித்த பிறகுதான் கண்டார்களாம்
அறுபத்துமூன்றாம் பக்கத்தில்
நெகட்டிவ் பிரண்டு கிடந்ததை.
அடுத்த பதிப்பில் அந்தப் பக்கமே இல்லை.
பிழைக்குத்தான் விலை.

ஒரு தெரு. விழுந்த சைக்கிள்.
கரியரில் கட்டிய பாண் பொதி.
ஆளில்லை.
கீழே ஒரு வரி: 'கரையோர நகரம், மாலை.'
எந்த நாடு என்றும் இல்லை.
மூன்று இரவு பார்த்து
வாயில் நுழையாத பெயருள்ள ஓர் ஊரென்று
நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.
அப்படியான ஊர்களின் படங்களை
எனக்கு நெடுநேரம் பார்க்க முடியும்.

நாலாம் நாள் செயின் கண்ணில் பட்டது.
இடப்பக்கம்.
எந்த ஊரில் சைக்கிளுக்கு இடப்பக்கம் செயின்?

பக்கத்துச் சலூனுக்குக் கொண்டுபோய்
விமலேந்திரனின் பெரிய கண்ணாடிக்கு முன்னால்
விரித்துப் பிடித்தேன்.
கடல் கிறுகியது.
கல்முனைக்குப் போகிறவனுக்கு இடக்கைப் பக்கம்,
இண்டைக்கும் இருக்கிற இடத்தில்.
தெருவும் கிறுகி வந்து
என் கடை வாசலில் முடிந்தது.

"இது ஐஸ் கொம்பனி மதில்தானே"
பாதி முகத்தில் நுரையோடு நேசதுரை.
"இல்ல மனே, மதில் பிறகு கட்டினது. இது சங்கக்கடை."
"சங்கக்கடைக்கு ஓடெல்லோ, இது தகரம்."
பேப்பர் வாசித்தவரும் எழும்பி வந்தார்.
தகரத்தைப் பற்றி நல்ல சண்டை நடந்தது.

விமலேந்திரன் கத்தியைத் துடைத்துக்கொண்டே நின்றான்.
மட்கார்ட்டில் வெள்ளைப் பெயின்ரால் ஏதோ,
புத்தகத்தில் வெறும் கிறுக்கல்.
கண்ணாடியில் அது 'கோ'.

"பின்னேரம் இல்ல" என்றான்.
"காலமை. அண்ணன் பாண் எடுக்கப் போனது காலமை."

பிறகு நேசதுரையின் தலையைச் சரித்து
மற்றக் கன்னத்தை வழித்தான்.
ஒரு கீறலும் விழவில்லை.

அன்றிரவு அன்ற்வேர்ப்பில் ஒருவர் எழுதியிருந்தார்:
மூன்று மடங்கு தருவேன்,
உள்ளே எழுத்து இல்லையென்று உறுதி சொன்னால்.

முதற்பதிப்பில் பேனை வைக்க
என் கைக்கு வராது.
மாத்திரை போட்டுக் கொடுக்கும் வெள்ளை உறை ஒன்றை எடுத்தேன்.
காலை, பகல், இரவு என்று
மூன்று கட்டம் அச்சடித்த மலிவுத் தாள்.
பெயர் என்ற இடத்தில் கோணேசலிங்கம் என எழுதி
காலை என்ற கட்டத்தில் சரி போட்டு
அறுபத்துமூன்றில் வைத்து மூடினேன்.

மலிவுத் தாளில் அமிலம் உண்டு.
ஏழெட்டு வருசத்தில்
உறையின் அளவுக்கு, நாலு மூலையோடு,
பக்கத்தில் பழுப்பாய் இறங்கும்.
சேகரிக்கிற எவனுக்கும் தெரியும் இது.

அந்தப் பக்கத்துப் பொட்டலத்தையும்
எடுத்துவிட்டேன்.